எள்ளலும் உடற்பருமனும்

நகை தோன்றுதற்குரிய நிலைக்களன் நான்கு எனக் கூறும் தொல்காப்பிய மெய்ப்பாட்டியல், அவற்றுள் எள்ளலை முதற்கண் வைக்கிறது. உரை வகுத்த பேராசிரியர் அவ்வெள்ளலை இரண்டாகப் பகுப்பார். பிறரை எள்ளி நகுதல் ஒன்று. பிறரால் எள்ளப்பட்டவிடத்துத் தானும் நகுதல் மற்றொன்று. இரண்டாவது நகையை வகுப்பறையில் காணாத ஆசிரியர் இலர். 'குண்டு' என அழைக்கப்பெறும் சிறுவன், அழைத்தவரோடு சேர்ந்து தானும் சிரிக்கிறான். பருத்த பிள்ளைகள் எப்பொழுதும் கலகலப்பானவர்கள் என்னும் உலகவழக்கு அச்சிரிப்பைக் கண்டு எழுந்ததே. அவ்வழக்குப் பொருந்துமா என்பது ஆராயத்தக்கது.

மூன்று வயதுவரை 'கொழுகொழு' எனக் கொஞ்சப்பட்ட உடலே, பள்ளி வாயிலைக் கடந்ததும் 'குண்டு' ஆகிவிடுகிறது. உடல் மாறவில்லை, சொல் மாறிற்று. அம்மாற்றத்தின் பொருள் குழந்தைக்கு விளங்காமற் போவதில்லை.

பினாங்கு மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள் உள்ளன. மலேசியாவின் ஏனைய பள்ளிகளிற்போல அவற்றிலும், 'செகாக்' என்னும் உடற்றகுதித் தேர்வின்பொருட்டு மாணவரின் உயரமும் எடையும் அளக்கப்படுகின்றன. அளத்தல் வேண்டுவதே. 2019-ஆம் ஆண்டுத் தேசிய உடல்நல ஆய்வில், 5 முதல் 17 வயது வரையுள்ளாருள் 29.8 விழுக்காட்டினர் மிகை எடையோ உடற்பருமனோ உடையவராகக் காணப்பட்டனர். 2022-ஆம் ஆண்டு ஆய்வில், 13 முதல் 17 வயது மாணவருள் ஏறத்தாழ நால்வரில் ஒருவரிடம் மனச்சோர்வின் அறிகுறிகள் தென்பட்டன. இவ்விரண்டு எண்களையும் அருகருகே வைத்து, பருமனே மனநோய்க்குக் காரணம் என முடிபு கட்டுதல் பிழையாகும். இரண்டற்கும் இடையே நிற்பது யாது எனக் காண வேண்டும்.

1961-இல் அமெரிக்காவில் ரிச்சர்ட்சன் முதலிய ஆய்வாளர், 10, 11 வயதுச் சிறுவரிடம் ஆறு குழந்தைகளின் படங்களைத் தந்து, விருப்பத்தின்படி வரிசைப்படுத்தச் சொன்னார்கள். ஊன்றுகோல் தாங்கிய குழந்தை, சக்கர நாற்காலியில் அமர்ந்த குழந்தை, கையிழந்த குழந்தை, முகம் சிதைந்த குழந்தை ஆகிய எல்லார்க்கும் பின்னர்க் கடைசியில் வைக்கப்பட்டது பருத்த குழந்தையின் படம். 2003-இல் வெளிவந்த மறு ஆய்வில் அவ்வெறுப்பு மேலும் வளர்ந்திருந்தது. இடையே நிற்பது எள்ளலே என்பது இதனால் தெளிவாகும். எள்ளப்பட்ட பிள்ளை விளையாட்டுத் திடலை விட்டு ஒதுங்குகிறான். தனிமையில் தின்பண்டமே துணையாகிறது, எடை ஏறுகிறது, எள்ளலும் ஏறுகிறது. அடக்கிய சினம் ஒருநாள் கைகலப்பாக வெடித்தால், 'முரடன்' என்ற பெயரும் சேர்ந்துகொள்கிறது. சோர்ந்த மனமே முந்தி நின்று பருமனைக் கொணர்தலும் உண்டு.

அண்டை நாடாகிய சிங்கப்பூர் இதனைப் பட்டறிந்தது. 1992-இல் அங்குத் தொடங்கிய பள்ளித் திட்டமொன்று, பருத்த மாணவரைத் தனியே பிரித்து உடற்பயிற்சி செய்வித்தது. பருமனுடையோர் தொகை குறைந்தது உண்மை. ஆயின் திட்டப் பெயரின் மூன்று ஆங்கில எழுத்துகளைத் தலைகீழாகப் படித்தால் 'கொழுத்த' எனப் பொருள்படும் சொல் வந்தது. பிள்ளைகள் அதனை விடுவார்களா? பிரித்து நிறுத்தியதே கேலிக்கு இடமாயிற்று. 2007-இல் அத்திட்டம் கைவிடப்பட்டு, எல்லா மாணவரையும் தழுவிய வேறொரு முறை வந்தது.

அங்ஙனமாயின் எடையைப் பற்றிப் பேசாதிருத்தல் நன்றோ எனின், அன்று. திருக்குறளின் மருந்து அதிகாரம் உண்ணும் அளவைப் பற்றி விரித்துப் பேசுகிறது. உண்பவன் உடலை எள்ளவில்லை. அம்முறையே ஆசிரியர்க்கும் உரியது. அளந்த எண்ணைப் பெற்றோரிடம் தனியே சொல்லலாம். வகுப்பின்முன் உரக்கப் படித்தல் ஆகாது. பயிற்சி வேண்டுமெனின் வகுப்பு முழுவதும் ஓடட்டும். பட்டப்பெயர் எழும்போது, அழைக்கப்பட்டவனே சிரிக்கிறானே என்று வாளா இருத்தல் தகாது. அச்சிரிப்பு பேராசிரியர் கூறிய இரண்டாவது நகை என்பதைத் தமிழாசிரியர் அறியாவிடின், வேறு யார் அறிவார்?