அஞ்சாமையின் இரண்டு கால்கள்: அப்பர் பாடல்களில் எதிர்ப்பும் நம்பிக்கையும்

‘எல்லாம் அவன் பார்த்துக்குவான்’ என்று நம் வீட்டுப் பெரியவர்கள் சுலபமாகச் சொல்லிவிடுவார்கள். அந்தச் சொல்லுக்குள் இரண்டு எண்ணங்கள் அடங்கியுள்ளன. அவன் எல்லா அதிகாரத்துக்கும் மேலானவன் என்பது ஒன்று. அவன் நம்மேல் அன்புள்ளவன் என்பது மற்றொன்று. இந்த இரண்டில் ஒன்று குறைந்தாலும் நம்பிக்கை நொண்டும். எதிர்ப்பின் நடுவே இரண்டையும் பாடியவர் 7ஆம் நூற்றாண்டின் திருநாவுக்கரசர்.

கதை நமக்குத் தெரிந்ததுதான். திருவாமூரில் பிறந்து, சமணத்தில் தருமசேனராக உயர்ந்து, சூலை நோயால் தமக்கை திலகவதியாரிடம் திரும்பி வந்து சைவரானார். பல்லவ மன்னன் சினந்தான். அவனை முதலாம் மகேந்திரவர்மன் என்பார்கள் ஆய்வாளர்கள். நீற்றறை, நஞ்சு, யானை, கடைசியில் கல்லோடு கட்டிக் கடல். இதையெல்லாம் விரிவாகச் சொல்பவர் 12ஆம் நூற்றாண்டுச் சேக்கிழார். இடையில் சுமார் ஐந்நூறு ஆண்டுகள். ஆகவே புராணத்தைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு, பாடல்களை மட்டும் கேட்டுப் பார்ப்போம்.

மன்னனின் ஆட்களுக்கு விடையாகச் சொல்லப்படும் மறுமாற்றத் திருத்தாண்டகம் 6ஆம் திருமுறையில் உள்ளது. தாம் ஒருவனுக்கே ஆள், வேறு எவர் ஆணையும் தம்மேல் செல்லாது என்பது அதன் பொருள். கவனிக்க வேண்டியது, அதில் ‘நான்’ என்று பேசாமல் ‘நாம்’ என்று பேசுகிறார். தனி ஆளாக நின்றவர், ஒரு கூட்டத்தின் குரலில் பேசுகிறார். இது இறைவனின் ஆட்சியை நம்பும் குரல்.

நீற்றறையில் பாடியதாகச் சொல்லப்படும் 5ஆம் திருமுறைக் குறுந்தொகையோ முற்றிலும் வேறு. அதன் முதற்பாட்டில் அரசனும் இல்லை, வெப்பமும் இல்லை. வீணையிசை, மாலை நிலா, தென்றல், இளவேனில், வண்டு மொய்க்கும் பொய்கை ஆகியவற்றோடு தந்தையின் திருவடி நிழலை ஒப்பிடுகிறார். அங்கே சவால் இல்லை, சுகம்தான் இருக்கிறது. இது அன்பை நம்பும் குரல்.

மூன்றாவது, 4ஆம் திருமுறையின் நமச்சிவாயப் பதிகம். கல்லோடு கட்டிக் கடலில் தள்ளினாலும் துணையாவது அந்தப் பெயரே என்கிறார். அந்த ‘ஆலும்’ முக்கியம். ‘கல் மிதக்கும், நான் பிழைப்பேன்’ என்று அவர் அங்கே சொல்லவில்லை. பிற்பாடு திருநீலக்குடிப் பதிகத்தில், பெயரைச் சொல்லி உய்ந்ததை நன்றியோடு நினைக்கிறார் என்பது உண்மை. ஆனால் நன்றி பின்னால் வந்தது. நம்பிக்கை முன்னாலேயே, முடிவு தெரியாமலே இருந்தது. அற்புதத்தை மட்டும் மேடையில் சொல்லிக் கைதட்டு வாங்கும் நம் சொற்பொழிவாளர்கள் இந்த வேறுபாட்டை விட்டுவிடுகிறார்கள். அப்புறம், கல் மிதக்காத வீட்டில் இருப்பவன் தன் பக்தியில்தான் ஏதோ குறை என்று நொந்துபோகிறான்.

இன்னொன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். இப்பாடல்களில் சமணர்மேல் கடுஞ்சொல் உண்டு. மனம் மாறிய மன்னன் பாடலிபுத்திரத்துச் சமணப் பள்ளிகளை இடித்து, அதைக் கொண்டு திருவதிகையில் குணபரவீச்சரம் எடுத்தான் என்று சேக்கிழாரே எழுதுகிறார். இறைவனே ஆள்கிறான் என்று உண்மையிலேயே நம்பினால், அதிகாரம் நம் பக்கம் சாய்ந்ததும் பதிலுக்கு இடிக்க வேண்டிய அவசியம் என்ன? சிரவணபெளகொளா இருக்கும் மண்ணில் வாழும் நாம் இதைக் கேட்டே தீர வேண்டும். அப்பரிடம் கற்கவேண்டியது அவருடைய அஞ்சாமை. அரசனின் கடப்பாரை அல்ல.

பெங்களூர்த் தமிழருக்கு இது ஏட்டுப்பாடம் அல்ல. 1991ஆம் ஆண்டின் காவிரிக் கலவரத்தைக் கண்ட குடும்பங்கள் நம்மிடையே உண்டு. அல்சூரில் வள்ளுவர் சிலை 18 ஆண்டுகள் மூடியே கிடந்து, 2009 ஆகஸ்ட் 9 அன்று திறக்கப்பட்டது. நான்கு நாள் கழித்துச் சென்னையில் கன்னடக் கவி சர்வக்ஞருக்குச் சிலை திறந்தார்கள். எதிர்ப்பு விலகியபின் நம் கையில் இருப்பது எது, கடப்பாரையா, மாலையா? அதில்தான் நம்பிக்கையின் தரம் தெரியும்.