கேஸ் லிஃப்ட்: பழைய கணக்கில் புதிய உற்பத்தி

புதுக் கிணறு எதற்கு, இருக்கிற கிணற்றில் கேஸ் லிஃப்டைச் சரியாக ஓட்டினாலே எண்ணெய் கூடுமே என்ற பேச்சு அண்மைக் காலத்தில் பலத்திருக்கிறது. 2025 ஜனவரியில் ஓ.என்.ஜி.சி., மும்பை ஹை வயலுக்கு பி.பி. நிறுவனத்தைத் தொழில்நுட்பச் சேவைக்கு அமர்த்தியது. பத்தாண்டில் எண்ணெயும் எரிவாயுவுமாக உற்பத்தி 60 சதவீதம் வரை உயரலாம் என்றது அறிவிப்பு. அந்த ஏற்பாடு கேஸ் லிஃப்டோடு நிற்பதல்ல. ஆனாலும் பேச்சுக்கு மவுசு ஏறிவிட்டது.

காவிரிப் படுகையில் இந்தப் பேச்சுக்கு இன்னொரு வசதியும் உண்டு. 2020ஆம் ஆண்டின் பாதுகாக்கப்பட்ட வேளாண் மண்டலச் சட்டம் டெல்டாவோடு சேர்த்துப் புதுக்கோட்டை மாவட்டத்தின் அறந்தாங்கி, ஆவுடையார்கோவில், மணமேல்குடி, திருவரங்குளம், கறம்பக்குடி ஒன்றியங்களிலும் புதிய எண்ணெய், எரிவாயுத் திட்டங்களைத் தடுக்கிறது. ஏற்கெனவே நடப்பவற்றை அது தொடவில்லை.

கம்ப்ரசர் வைத்த போர்வெல்லைப் பார்த்தவர்களுக்குக் கேஸ் லிஃப்டின் சூட்சுமம் புதிதாக இராது. அங்கே காற்று, இங்கே அழுத்தம் ஏற்றிய எரிவாயு. கேசிங் என்ற வெளிக்குழாய்க்கும் டியூபிங் என்ற உட்குழாய்க்கும் இடையே இறங்கும் வாயு, வால்வு வழியே டியூபிங்குக்குள் புகுந்து எண்ணெய்த் தம்பத்தின் கனத்தைக் குறைக்கிறது. கிணற்றடி அழுத்தம் தணிய, பாறையிலிருந்து எண்ணெய் கூடுதலாக ஊறி வருகிறது. அளவு மீறினால் குழாயில் உராய்வு மிகுந்து வரத்து குறையும். எந்தக் கிணற்றுக்கு எவ்வளவு வாயு என்று பங்கிடும் கலைதான் இங்கே பேசப்படுவது.

முறை நல்ல முறை. மணல் வந்தாலும், கிணறு சாய்ந்திருந்தாலும், பம்பு திணறும் இடத்தில் இது தாக்குப்பிடிக்கும். மும்பை ஹையின் பெரும்பாலான எண்ணெய்க் கிணறுகள் இதை நம்பித்தான் ஓடுகின்றன.

கோளாறு அளவையில் இருக்கிறது. போர்வெல்காரர் தொட்டியோரம் நின்று தண்ணீரைக் கண்ணால் பார்த்துக் காற்றைக் கூட்டிக் குறைக்கிறார். எண்ணெய் வயலிலோ பல கிணறுகளின் வரத்தும் ஒரே குழாயில் கலந்து சேகரிப்பு நிலையத்துக்குப் போகிறது. ஒரு கிணறு தனியாக எவ்வளவு தருகிறது என்பது, எண்ணெய், நீர், வாயுவைப் பிரித்து அளக்கும் சோதனை செப்பரேட்டருக்கு அதைத் திருப்பிவிடும் சில மணி நேரத்தில்தான் தெரியும். செப்பரேட்டர் ஒன்று, கிணறுகளோ பல. அடுத்த முறை வர வாரங்கள் ஆகும். இடைப்பட்ட நாட்களில் நிலையத்தின் மொத்த அளவைப் பழைய சோதனையின் விகிதத்தில் பிரித்து, 'கிணற்று உற்பத்தி' என்று எழுதிவைக்கிறார்கள். அதற்குள் நீரின் பங்கு ஏறியிருக்கலாம். கீழே ஒரு வால்வு மூடாமல் சிக்கியிருக்கலாம்.

அந்தச் சில மணி நேரமும் நம்பகமானதல்ல. ஊசலாடும் கிணற்றில் கேசிங் அழுத்தம் மெல்ல ஏறிப் பொசுக்கென்று விழும். இரண்டு பேனா அழுத்தப் பதிவியின் வட்டத்தாளில் அது ரம்பப் பற்களாக விழுந்திருக்கும். அழுத்தம் விழுந்து வரத்து பொங்கும் வேளையில் சோதனை மாட்டினால் அது வள்ளல் கிணறு. அழுத்தம் ஏறும் வேளையில் மாட்டினால் கஞ்சன். இந்த எண்ணைத்தான் பங்கீட்டு மென்பொருள் வாங்கி வளைகோடு வரைகிறது, தசமத் துல்லியத்தில் வாயுவைப் பங்கிடுகிறது. பங்கீட்டால் உற்பத்தி கூடியதா என்று பார்க்கவும் அதே பிரித்தெழுதிய கணக்கே வருகிறது. தேர்வு எழுதியவரே திருத்தவும் செய்தால் மதிப்பெண் குறையுமா?

காசு புகும்போது இது இன்னும் சிக்கலாகிறது. மும்பை ஹை ஒப்பந்தத்தில் முதல் இரண்டாண்டுக்கு நிலையான கட்டணம். பிறகு கூடுதல் உற்பத்தி தரும் வருவாயில் ஒரு பங்கு. மொத்த எண்ணெயை நிலையத்தில் ஒழுங்காக அளக்கலாம். 'கூடுதல்' எது என்று சொல்ல, ஒன்றும் செய்யாமல் விட்டிருந்தால் வயல் எவ்வளவு தந்திருக்கும் என்ற கற்பனைக் கோடு வேண்டும். அதை எந்த மீட்டரும் காட்டாது. எண்ணெய், நீர், வாயுவைப் பிரிக்காமலே அளக்கும் பல்கட்ட மீட்டரை ஒவ்வொரு கிணற்றுத் தலையிலும் பொருத்தினால் பங்கீட்டுக் குழப்பமாவது தீரும். செலவு பிடிக்கும், மேடையில் காட்ட வண்ணத்திரையும் இராது. அதனால்தானோ என்னவோ, மென்பொருளுக்குக் கிடைக்கும் கைதட்டல் மீட்டருக்குக் கிடைப்பதில்லை.

புதுக்கோட்டை மாவட்டத்தின் நெடுவாசலுக்கு இந்த வாதம் வரும்போது வேடிக்கை கூடுகிறது. ஹைட்ரோகார்பன் திட்டத்தை எதிர்த்து 2017 பிப்ரவரியில் போராட்டம் வெடித்த அந்த ஊரையும் வடகாடு, நல்லாண்டார்கொல்லை போன்ற சுற்று ஊர்களையும் துளைத்தவை ஆய்வுக் கிணறுகள். வணிக உற்பத்திக்கு வரவே இல்லை. சீராக்க அங்கே ஓடும் உற்பத்தி எதுவும் கிடையாது. கேஸ் லிஃப்ட் வேண்டுமென்றால் கம்ப்ரசர், அழுத்த வாயு, குழாய்ப் பாதை, செப்பரேட்டர் எல்லாமே புதிதாக வர வேண்டும். 2020 சட்டம் அந்த ஒன்றியங்களில் தடுத்திருப்பது அப்படிப்பட்ட புதுத் திட்டத்தைத்தான்.