பொத்தானுக்கு என்ன விலை?

ஸ்லாட் கார் பந்தயத்தில் ஸ்டியரிங் கிடையாது. காரின் முன்னடியில் இருக்கும் சிறு தகடு பாதையிலுள்ள பள்ளத்தில் இறங்கி நிற்கும். பள்ளத்தின் இருபுறமும் பதித்த உலோகப் பட்டைகளிலிருந்து மோட்டாருக்கு மின்சாரம் வரும். ஆடுகிறவர் கையில் இருப்பது ஒரே ஒரு விசை. அதை எவ்வளவு அழுத்துவது, எப்போது விடுவது என்பதுதான் மொத்த ஆட்டமும். 1957இல் பிரிட்டனில் பிரெட் பிரான்சிஸ் ஸ்கேலெக்ஸ்டிரிக்கை அறிமுகப்படுத்திய நாளிலிருந்து விரலின் பக்குவமே இங்கே திறமை. அந்த விசைக்குப் பக்கத்தில், கொஞ்ச நேரத்துக்கு மட்டும் வேகத்தைக் கூட்டும் இன்னொரு பொத்தான் தேவையா? கரேரா நிறுவனம் தன் 1:43 அளவு ‘கோ’ வரிசையில் ‘டர்போ’ என்று ஒன்றை வைத்தே விட்டது. சால்டரிங் அயர்ன் பிடிக்கத் தெரிந்தவர்கள் தாங்களே பொருத்திக்கொள்ளவும் முடியும்.

முதலில் அதன் சூட்சுமம். சாதாரண விசையை முழுக்க அழுத்தினாலே பாதைக்கு வரும் வோல்ட் முழுவதும் மோட்டாருக்குப் போய்விடும். அதற்குமேல் கொடுக்க மிச்சம் எதுவும் இல்லை. ஆகவே டர்போ வேண்டுமானால் வழக்கமான வேகத்தை முதலில் குறைத்தாக வேண்டும். கம்பியில் நான்கு டையோடுகளை வரிசையாகச் சேர்த்தால், ஒன்றுக்கு 0.7 வோல்ட் வீதம், சுமார் 2.8 வோல்ட் குறையும். பொத்தானை அழுத்தினால் மின்சாரம் டையோடுகளைத் தொடாமல் நேரே பாயும். செலவு சொற்பம். ஆனால் உள்ளதைப் பிடுங்கி வைத்துக்கொண்டு அதையே பரிசென்று நீட்டும் வேலை இது.

வேடிக்கை என்னவென்றால், இந்த ஏற்பாட்டின் உண்மையான நன்மை பொத்தானை அழுத்தாதபோதுதான் கிடைக்கிறது. ஆறு வயதுக் குழந்தைக்கு விசையைப் பாதி அழுத்துவது என்றால் என்னவென்றே தெரியாது. ஒரே பிடியாக இறுக்கும். வேகம் குறைத்து வைத்த பாதையில் அப்போதும் கார் வளைவைத் தாண்டிவிடும், குழந்தை அழாது. இதற்காகவே இதைப் பாராட்டலாம்.

விரல் பழகியவர்களுக்கு வந்தால் கணக்கு உதைக்கிறது. வீட்டுக் கூடத்தில் போடும் பாதையில் இரண்டு மீட்டர் நேர்ப்பகுதி கிடைத்தாலே பெரிது. விநாடிக்கு நான்கு மீட்டர் வேகத்தில் கார் அதை அரை விநாடியில் கடந்துவிடும். டர்போ அந்த வேகத்தைக் கால் பங்கு கூட்டுகிறது, அதுவும் அழுத்திய கணமே கூட்டுகிறது என்றே வைத்துக்கொள்வோம். மிச்சமாவது பத்தில் ஒரு விநாடி. பொத்தானைச் சற்றுத் தாமதித்து விட்டால் அதே கால் பங்கு வேகம் வளைவில் காரை வெளியே தள்ளும் விசையை ஒன்றரை மடங்குக்கு மேல் ஆக்கும். காரின் அடியில் இருக்கும் காந்தத்தின் பிடிப்போ வேகத்தோடு கூடுவதில்லை. கார் பறக்கும். எழுந்து போய், சோபாவுக்கு அடியில் துழாவி, திரும்பப் பள்ளத்தில் வைக்க ஐந்து விநாடியாவது ஆகும். ஐம்பது முறை ஒழுங்காக அழுத்திச் சேர்த்தது ஒரே பிசகில் போய்விடும்.

மலிவான செட்களில் இன்னொரு கோளாறும் உண்டு. இரண்டு பாதைக்கும் ஒரே அடாப்டர்தான். ஒருவர் மின்சாரத்தைக் கூடுதலாக இழுத்தால் மற்றவர் கார் சற்றே சோம்பும். ஒரு கார் கவிழ்ந்தால் மற்றது திடீரென்று துள்ளும். பக்கத்து ஆட்டக்காரர் எந்தத் தப்பும் செய்யாமல் தண்டனை வாங்குகிறார்.

நிஜப் பந்தயங்கள் இதே பொத்தானை வேறுவிதமாகக் கையாண்டன. 2009இல் பார்முலா ஒன்னில் வந்த கெர்ஸ், பிரேக் பிடிக்கும்போது வீணாகும் ஆற்றலைச் சேமித்து, சுற்றுக்கு ஆறரை விநாடி போல சுமார் 80 குதிரைத்திறன் கொடுத்தது. கருவியின் எடையைச் சுமந்தாக வேண்டும் என்பது அதன் விலை. அந்த ஆண்டு சாம்பியன் பட்டத்தை வென்ற பிரான் அணி அதைப் பயன்படுத்தவே இல்லை. பார்முலா ஈ 2018–19 பருவத்தில் ‘அட்டாக் மோட்’ கொண்டுவந்தது. கூடுதல் சக்தி வேண்டுமா, வேகமான தடத்தைவிட்டு விலகி, குறித்த இடத்தின் மேல் காரை ஓட்டிப் போய்த்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். முதலில் இழப்பு, பிறகு லாபம். ரசிகர் வாக்கெடுத்துச் சும்மா கொடுத்த ‘பேன்பூஸ்ட்’டை அதே பந்தயம் பின்னால் கைவிட்டது.

தடம் மாறும் வசதியுள்ள டிஜிட்டல் ஸ்லாட் செட்களில் இதைச் செய்துபார்க்கலாம். சுற்று நீளமான வெளித்தடத்துக்குப் போனவருக்கு மட்டுமே டர்போ என்று விதி வைத்தால் பொத்தான் ஒரு முடிவாகிவிடும். அனலாக் செட்டில் அதற்கு வழியில்லை. அங்கே டர்போவைச் சின்னப் பிள்ளைகளுக்கு விட்டுவிடலாம். பெரியவர்கள் அதை வைத்துத்தான் ஆடுவோம் என்றால், பக்கத்தில் ஒரு தாளும் பென்சிலும் இருக்கட்டும்: பத்துச் சுற்றுக்கு இரண்டு அழுத்தல், மூன்றாவதற்கு ஒரு சுற்று கழிவு.