அரியணையும் சிரிப்பொலியும்

அரியணை யாருக்கு? இந்த ஒரு கேள்வியை எழுப்பியே எட்டு ஆண்டுகள் உலகைக் கட்டிப்போட்டது, 'கேம் ஆஃப் த்ரோன்ஸ்' எனும் அமெரிக்கத் தொலைக்காட்சித் தொடர். ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டினின் நாவல்களே அதன் மூலம். 2019இல் இறுதிப் பருவம் கண்ட சுவைஞர் சீறினர். 'மீண்டும் எடுத்திடுக!' எனப் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் ஒப்பமிட்டனர்.

சீற்றத்தில் நியாயமுண்டு. ஐந்தாம் நாவல் 2011இல் வந்தது; தொடர் முடிந்த நாளிலும் ஆறாம் நாவல் வரவில்லை. ஆசிரியரை முந்திய நாடகம் அவசரத்தில் இடறிற்று. இளவரசி டெனேரிஸ் கொடியவளானது முறையா, பிரான் முடிசூடியது பொருந்துமா என வாதிட்டோரை நாம் பழியோம்.

ஆனால், நாம் கேட்ட வாதங்களில் ஒரு காட்சி மட்டும் அதிகம் அடிபடவில்லை. பிரபுக்கள் கூடி மன்னனைத் தேடுகின்றனர். சாம்வெல் டார்லி எழுகிறான். ஆள்பவரை மக்கள் அனைவரும் தேர்ந்தெடுத்தால் என்ன என்கிறான். கொல்லெனச் சிரிக்கிறது அவை! நாய்க்கும் வாக்கு உண்டோ என ஏளனம் வேறு!

தலைநகர் தீயில் வெந்தபோது மாண்டவர் யார்? அரியணைக்கு அடித்துக்கொண்டவர் மட்டுமா? அடுப்பு மூட்டியவரும், குழந்தையை அணைத்து ஓடியவரும் அன்றோ! அவர்களுக்கா வாக்கில்லை?

முடிவு பிழையென முழங்கினோம். அந்தச் சிரிப்புப் பிழையென முழங்கினோமா? யார் அமர்வது என்றே கேட்டோம். ஏன் அமர்வது எனக் கேட்டோமா?

கதையில் இரும்பு அரியணையை உருக்கியது ஒரு டிராகன். விலங்குக்குத் தோன்றியது, வியந்து பார்த்த நமக்குத் தோன்றாதிருக்கலாமா?