50 அடி, 60 அடி, நம்ம ஊர் ஏணி

போன தடவை திருநாவலூர் போயிருந்தப்ப பெரியம்மா ஒரு கேள்வி கேட்டார். பக்கத்துத் தெருவில் மூணு மாடி வீடு ஒண்ணு எழும்பியிருக்கு. "இம்மாம் ஒசரத்துக்குக் கட்டலாமாடா? யாரும் கேக்க மாட்டாங்களா?" சட்டப்படி அது உயரமான கட்டடமே இல்லை என்றேன். அவர் நம்பவில்லை. அப்படியென்றால் எதுதான் உயரம் என்று தேட ஆரம்பித்தேன்.

தமிழ்நாடு ஒருங்கிணைந்த வளர்ச்சி மற்றும் கட்டட விதிகள், 2019-இன்படி 18.30 மீட்டரைத் தாண்டினால்தான் உயர்மாடிக் கட்டடம். அதற்கு முன் சென்னையில் இந்தக் கோடு 15.25 மீட்டரில் இருந்தது. தசமப் புள்ளியோடு பார்த்தால் ஏதோ ஆராய்ச்சி செய்து கண்டுபிடித்த எண் மாதிரி தெரிகிறது. அடிக்கணக்கில் மாற்றிப் பாருங்கள்: 15.25 என்பது 50 அடி, 18.30 என்பது 60 அடி. அவ்வளவுதான். பத்தடி ஏற்றிவிட்டார்கள்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. 2016-ஆம் ஆண்டின் தேசியக் கட்டட நெறித்தொகுப்பு 15 மீட்டரிலேயே கோடு போடுகிறது. ஹைதராபாத்தின் 2012 விதிகள் 18 மீட்டரில் போட்டன. ஆக, 17 மீட்டர் கட்டடம் ஒன்று டெல்லியில் அச்சான புத்தகத்தில் உயரமானது, சென்னையில் சாதாரணமானது. கட்டடம் வளரவும் இல்லை, குறையவும் இல்லை.

எல்லா ஊரிலும் இப்படித்தானே, எங்கேயோ ஒரு கோடு போட்டுத்தானே ஆகணும் என்று நீங்கள் கேட்கலாம். நியாயம்தான். ஆனால் ஜெர்மனியைப் பாருங்கள். அங்கே கணக்கு 22 மீட்டர். அதுவும் கூரை வரைக்கும் அல்ல, ஆள் இருக்கும் கடைசி மாடியின் தரை வரைக்கும். தீயணைப்பு வண்டியின் சுழல் ஏணி அங்கே 23 மீட்டர் வரை எட்டும். ஏணி எட்டாத இடத்தில் ஆள் இருந்தால் அது உயரமான கட்டடம். அமெரிக்காவின் 75 அடியும் தீயணைப்பு வண்டி வந்து நிற்கும் மட்டத்திலிருந்துதான் அளக்கப்படுகிறது. அந்த வரையறைகளில் ஒரு மனுஷன் ஜன்னலில் நிற்கிறான். நம்முடையதில் கூரை மட்டும் இருக்கிறது.

இது வெறும் சொல் சண்டை இல்லை. கோட்டைத் தாண்டினால் சுற்றிலும் கூடுதல் இடம் விடணும், சாலை அகலமாக இருக்கணும், தீப் பாதுகாப்பு நிபந்தனைகள் கூடும். தாண்டாதவரை கெடுபிடி குறைவு. நான் தங்கிய ஒரு விடுதி அப்படித்தான்: நாலு மாடி, ஒரே ஒரு குறுகலான படிக்கட்டு, அதிலும் பாதியை மெத்தைகள் அடைத்துக் கிடந்தன. மேல் மாடியில் படுத்திருந்த எனக்கு அந்த இரவு அது உயரமான கட்டடம்தான்.

உயரத்துக்கு நாம் புதுசு இல்லை. எங்கள் மாவட்டத்திலேயே திருக்கோவிலூர் ராஜகோபுரம் 192 அடி என்கிறார்கள். 1959-இல் திறந்த சென்னை எல்.ஐ.சி. கட்டடம் 177 அடி. ஆனால் கோபுரத்தில் யாரும் குடியிருப்பதில்லை. எல்.ஐ.சி.யில் ஆட்கள் வேலை பார்த்தார்கள், 1975-இல் அது எரிந்தது. வித்தியாசம் அங்கேதான்.

2019 விதிகளின் நல்ல விஷயம், மாநிலம் முழுக்க ஒரே புத்தகம். என் குறையும் அதே இடத்தில்தான். அண்ணா சாலைக்கும் திருநாவலூருக்கும் அதே 60 அடி. ஏணி அப்படி ஒரே மாதிரி இருக்குமா? கோடு போடுபவர்கள் முதலில் பக்கத்துத் தீயணைப்பு நிலையத்தில் இருக்கும் ஏணியை அளக்கட்டும்.

பெரியம்மா கேட்டது உயரத்தைப் பற்றி இல்லை என்று இப்போது தோன்றுகிறது. "யாரும் கேக்க மாட்டாங்களா" என்பதுதான் அவர் கேள்வி.