உணர்ச்சியும் முன்னிலையும்: சகோதரர் லாரன்ஸ் பனுவலில் அன்றாட வாழ்வின் இறைப்பிரசன்னம்

ஆய்வுச் சுருக்கம்

அன்றாட வாழ்வில் இறைப்பிரசன்னத்தை உணர்தல் என்பது பெரும்பாலும் உள்ளக் கனிவாகவே விளக்கப்படுகிறது. 17ஆம் நூற்றாண்டில் பாரிஸ் நகரத் துறவுமடம் ஒன்றின் அடுக்களையில் பணியாற்றிய சகோதரர் லாரன்ஸின் உரையாடல்களும் கடிதங்களும் இவ்விளக்கத்துக்குச் சான்றாகக் காட்டப்படுவதுண்டு. அப்பனுவல் பிரசன்னத்தை உணர்ச்சியாகக் கொள்ளாமல், இறைவனை முன்னிலையில் விளிக்கும் பயிற்சியாகவே கொள்கிறது என்பதை இக்கட்டுரை நிறுவ முயல்கிறது. உணர்தல், முன்னிலை ஆகிய தமிழ்ச்சொற்களின் பொருட்பரப்பு இவ்வாசிப்புக்குக் கருவியாகக் கொள்ளப்படுகிறது.

குறிச்சொற்கள்: இறைப்பிரசன்னம், சகோதரர் லாரன்ஸ், கார்மேல் சபை, உணர்தல், முன்னிலை, ஊடல்

முன்னுரை

வழிபாட்டில் நெஞ்சுருகும் ஒருவர், மறுநாள் காலை சமையலிலும் பணியிடத்திலும் அவ்வுருக்கத்தைக் காணாதபோது, இறைவன் தம்மை விட்டு அகன்றதாக எண்ணுவது இயல்பு. இறைவன் எல்லாப் பொருள்களிலும் ஆற்றலாலும் முன்னிலையாலும் உள்ளியல்பாலும் இருக்கிறார் என்பது தாமஸ் அக்குவினாஸின் விளக்கம். அதன்படி உணர்வார் உளராயினும் இலராயினும் அவ்விருப்பு குறைவதில்லை. இவ்விடை மெய்யியல் நோக்கில் நிறைவானது. ஆயினும், ‘இருக்கிறார் எனில் எனக்கு ஏன் தோன்றவில்லை?’ என்னும் வினாவை அது தீர்ப்பதில்லை. பிரசன்னம் என்பது உணர்ச்சியே எனின், நோயுற்றோரும் வேலைப்பளு மிக்கோரும் உள்ளம் வறண்டோரும் இறையனுபவத்துக்குப் புறம்பானவராகிவிடுவர். சகோதரர் லாரன்ஸின் பனுவல் மீளவும் வாசிக்கப்பட வேண்டியது இச்சிக்கலை முன்னிட்டேயாகும்.

1. பனுவலும் அதன் குரலும்

லாரன்ஸின் இயற்பெயர் நிக்கோலா ஹெர்மன். 1614ஆம் ஆண்டளவில் லொரேன் பகுதியில் பிறந்த இவர், முப்பதாண்டுப் போரில் படைவீரராக இருந்து காலில் காயமுற்றார். பின்னர் ஒரு செல்வர் மனையில் ஏவலராக இருந்தார். 1640இல் பாரிஸ் நகரில் காலணியணியாக் கார்மேல் சபையில் குருத்துவம் பெறாத துறவுச் சகோதரராகச் சேர்ந்தார். பதினைந்து ஆண்டுகள் அடுக்களைப் பணி, பின்னர்க் கால்நோவு மிகவே அமர்ந்தவாறு செய்யத்தக்க செருப்புத் தைக்கும் பணி என அவர் வாழ்வு கழிந்தது. 1691 பிப்ரவரி 12 அன்று மறைந்தார்.

இன்று ஒரே நூலாக வழங்குவது, உண்மையில் பல கைகளின் தொகுப்பாகும். ஜோசப் தெ பொஃபோர் என்னும் குரு 1666, 1667ஆம் ஆண்டுகளில் லாரன்ஸுடன் நிகழ்த்திய நான்கு உரையாடல்களைக் குறித்து வைத்தார். லாரன்ஸின் மறைவுக்குப்பின் அவருடைய கடிதங்களையும் ஆன்மிக நெறியுரைகளையும் 1692இலும், உரையாடல்களையும் வாழ்க்கைச் சித்திரத்தையும் 1694இலும் வெளியிட்டவரும் அவரே. ஆகவே உரையாடல்களில் ஒலிப்பது லாரன்ஸின் நேர்க்குரல் அன்று. ‘அவர் இவ்வாறு கூறினார்’ என்னும் அயற்கூற்றே அங்குப் பெரிதும் ஆளப்படுகிறது. கற்றறிந்த குரு ஒருவரின் எழுதுகோல் வழியாகவே அடுக்களைத் துறவியின் சொல் வெளிப்படுகிறது என்பதை மறந்து இப்பனுவலை மதிப்பிட இயலாது.

2. அடுக்களையும் அதன்மீதான வெறுப்பும்

லாரன்ஸைப் பற்றிய பொதுச் சித்திரம் ஒன்றுண்டு. பாத்திரங்களுக்கு நடுவே முகமலர்ச்சியுடன் நிற்கும் எளிய மனிதர் என்பதே அது. பனுவல் காட்டுவது இதனினும் கடுமையானது. அடுக்களைப் பணியின்மீது அவருக்கு இயல்பிலேயே பெருவெறுப்பு இருந்தது என்று இரண்டாம் உரையாடல் ஒளிவின்றிக் கூறுகிறது. மடத்துக்குத் திராட்சை மது வாங்க அவர் பர்கண்டிக்கு அனுப்பப்பட்டார். கொள்முதல் பேச அறியாதவர், கால் ஊனமுற்றவர். படகில் நடமாட இயலாமல் மதுப் பீப்பாய்களின்மேல் உருண்டே இடம்பெயர்ந்தார். இவ்வலுவலில் அவர் கொண்ட துணை ஒன்றே: இது உமது காரியம் என்று இறைவனிடம் சொல்லிவிடுவது.

வெறுப்பு நீங்கிய பின்னரே இறைவன் தோன்றினார் என்று பனுவல் கூறவில்லை. வெறுப்பிருக்கவே பணி அன்பின் பொருட்டுச் செய்யப்பட்டது. பதினைந்து ஆண்டுகளில் அப்பணி எளிதாயிற்று என்பது அதன் விளைவாக மட்டுமே சொல்லப்படுகிறது. வாழ்க்கைச் சித்திரத்தில் இடம்பெறும் ஆம்லெட் குறிப்பும் இவ்வகையிலேயே பொருள்படும். வாணலியில் ஆம்லெட்டைத் திருப்புவதும் இறையன்பின் பொருட்டே. அது முடிந்து வேறு வேலையில்லையெனில் தரையில் வீழ்ந்து வணங்குதலும் அவ்வன்பின் பொருட்டே. இரு செயல்களுக்கும் இடையே ஏற்றத்தாழ்வு இல்லை. தரையிலிருந்து ஒரு துரும்பை எடுப்பதையும் அவர் இவ்வரிசையிலேயே வைக்கிறார். அடுக்களைப் பணியில் அமர்ந்தோர்க்கு ஆண்டவர் பாத்திரங்களுக்கிடையே துணையிருக்கிறார் என்று இச்சபையைச் சீர்திருத்திய அவிலா தெரேசா தம் ‘நிறுவல்கள்’ நூலில் முன்னரே அறிவுறுத்தியிருந்தார். அவ்வறிவுரையைப் பல்லாண்டு வாழ்வில் சோதித்துப் பார்த்தவராக லாரன்ஸைக் கொள்ளலாம்.

3. உணர்ச்சி, உணர்தல், முன்னிலை

இறைப்பிரசன்னம் என்பது மனத்தை இறைவன்பால் செலுத்துதல், அல்லது உடனிருக்கும் இறைவனை நினைவுகூர்தல். அது கற்பனையாலோ அறிவாலோ நிகழலாம் என்பது ஆன்மிக நெறியுரைகள் தரும் வரையறையின் சாரம். இவ்வரையறையில் உணர்ச்சிக்கு இடமே தரப்படவில்லை என்பது நோக்கத்தக்கது.

இவ்விடத்தில் தமிழ்ச்சொல் ஒன்று துணைசெய்கிறது. ‘இறைவனை உணர்தல்’ என்னும் தொடரை இக்காலத்தார் உணர்ச்சிவயப்படுதலாகவே கொள்கின்றனர். பழந்தமிழில் உணர்தலுக்கு அறிதல், தெளிதல் என்னும் பொருளே முதன்மையானது. திருக்குறளின் 36ஆம் அதிகாரமான மெய்யுணர்தல் உணர்ச்சிப் பெருக்கைப் பேசுவதன்று. மயக்கம் நீங்கி மெய்ப்பொருளைக் காணும் தெளிவைப் பேசுவது. துயிலுணர்தல் என்னும் வழக்கிலும் அச்சொல் விழிப்பையே குறிக்கிறது. லாரன்ஸ் வலியுறுத்துவது இப்பொருளிலான உணர்தலேயாகும்.

அடுத்து நிற்பது ‘பிரசன்னம்’ என்பதற்குத் தமிழ்க் கிறித்தவம் வழங்கும் சொற்கள். சமுகம், திருமுன், திருமுன்னிலை என்பன யாவும் முகத்தெதிரே நிற்றலைக் குறிப்பன. இவற்றுள் முன்னிலை என்பது இலக்கணத்தில் கேட்போரைக் குறிக்கும் இடப்பெயருமாகும். இறைவனைப் பற்றிப் பேசும்போது அவர் படர்க்கையில் இருக்கிறார். அவரோடு பேசும்போது முன்னிலைக்கு வருகிறார். லாரன்ஸ் கூறும் பயிற்சியின் கட்டமைப்பு இவ்விடமாற்றமே. பணி தொடங்குமுன் அருள்வேண்டிச் சில சொற்கள். பணியினூடே இடையிடையே சிறுநோக்கு. பணி முடிந்ததும் நன்று செய்திருப்பின் நன்றி, தவறியிருப்பின் மன்னிப்பு வேண்டல். மூன்று நிலைகளும் ‘நீர்’ என்னும் விளிப்பால் இணைகின்றன. குறித்த வேண்டுதல் நேரத்துக்கும் பிற நேரத்துக்கும் தம்மளவில் வேறுபாடில்லை என அவர் கூறியதன் அடிப்படையும் இதுவே. நேரங்கள் மாறலாம், விளிக்கப்படுபவர் மாறுவதில்லை.

இதற்கு மறுதலையாக, கடிதம் ஒன்றில் நாற்பது ஆண்டுகளாக இப்பயிற்சியில் நிலைத்த துறவி ஒருவரைப் பற்றி லாரன்ஸ் எழுதுகிறார். அத்துறவி அவரே என்பது பரவலாக ஏற்கப்பட்ட கருத்து. தன்னைப் படர்க்கையில் ஒதுக்கி இறைவனை முன்னிலையில் நிறுத்தும் இம்மொழியமைப்பு, அவர் கற்பித்த நெறியின் இலக்கண வடிவமாகவே அமைந்துவிடுகிறது.

4. தவறுதலும் மீளுதலும்

எந்த மனமும் இடையறாது ஒன்றிலேயே நிற்பதில்லை. ஆதலின் இப்பயிற்சியின் உண்மையான சோதனை மறதிக்குப் பின்னரே தொடங்குகிறது. தாம் தவறியபோது லாரன்ஸ் அதனை மறைக்கவில்லை, காரணம் கற்பிக்கவுமில்லை. என்னை என்போக்கில் விட்டால் இவ்வாறே செய்வேன் என்று இறைவனிடம் ஒப்புக்கொண்டு, பின் அதுபற்றி வருந்தாமல் பணியைத் தொடர்ந்தார். இங்குக் குற்றவுணர்வு நீட்டிக்கப்படுவதில்லை. நீட்டித்தால் மனம் இறைவனை விட்டுத் தன்னையே நோக்கத் தொடங்கிவிடும்.

இந்நிலையை விளக்க அகமரபு ஓர் ஒப்புமை தருகிறது. 1109ஆம் குறள் ஊடலுக்கும் புணர்தலுக்கும் இடையே உணர்தலை வைக்கிறது. அங்கு உணர்தல் என்பது பிணக்கு நீங்கித் தெளிதல். உறவுடையார்க்கு மட்டுமே ஊடலும் உண்டு. ஊடியபின் தெளிதலும் உண்டு. லாரன்ஸின் மறதியும் மீட்சியும் இவ்வமைப்பை ஒத்தன. மறதி உறவின் முறிவாகாது. மீண்டும் விளிப்பதற்கான வாயிலாகிறது. தலைமக்கள் காதலும் துறவியின் இறைநாட்டமும் ஒன்றெனக் கூறுதல் இவ்வொப்புமையின் நோக்கமன்று. பிரிவை உள்ளடக்கிய அண்மை என்னும் கருத்துக்குத் தமிழில் முன்னரே சொல் இருந்தது என்பதே சுட்டத்தக்கது.

5. எதிர்ச்சான்றுகள்

இவ்வாசிப்புக்கு எதிரான பகுதிகளும் பனுவலில் உள்ளன. உள்ளத்தில் பெருகிய இனிமையை அடக்கவும் பிறர் அறியாமல் மறைக்கவும் வேண்டியிருந்ததாகக் கடிதங்களில் லாரன்ஸ் குறிப்பிடுகிறார். எனவே உணர்ச்சி அங்கு அறவே இல்லை எனல் பொருந்தாது. ஆயினும் அதன் இடம் கவனிக்கத்தக்கது. முதல் பத்தாண்டுகள் பெருந்துன்பத்தில் கழிந்தன என்றும், தாம் மீட்படையப்போவதில்லை என்னும் அச்சம் நான்காண்டுகள் வாட்டிற்று என்றும் அவர் வாய்மொழியே சான்று பகர்கிறது. எது நேரினும் இறையன்பின் பொருட்டே செயல்படுவேன் என்னும் துணிவு அவ்விருளில் பிறந்தது. இனிமை அத்துணிவுக்குப் பின் வந்தது. அதற்கு நிபந்தனையாக நிற்கவில்லை.

இவ்வரிசைமுறைக்கு வரலாற்று முக்கியத்துவமும் உண்டு. குவையட்டிசம் எனப்பட்ட செயலறு அமைதிக் கொள்கை தொடர்பாக 1687இல் மொலினோஸும், 1699இல் ஃபெனலோனின் நூலிலிருந்து எடுக்கப்பட்ட 23 கூற்றுகளும் திருத்தந்தையரால் கண்டிக்கப்பட்டன. லாரன்ஸை நேரில் அறிந்தவர் ஃபெனலோன். ஐயம் மிகுந்த அக்காலத்திலேயே லாரன்ஸின் நூல் வெளிவந்தது. எனினும் அது போற்றுவது செயலற்ற ஓய்வை அன்று. சமைத்தலும் செருப்புத் தைத்தலுமாகிய செயலினூடே மனத்தை மீண்டும் மீண்டும் திருப்பும் முயற்சியையே.

இரண்டாவது தடை சமூக நோக்கிலானது. விரும்பாத உழைப்பை அன்பின்பொருட்டு ஏற்றல் என்னும் போதனை, உழைப்போரின் குறையை வாயடைக்கும் கருவியாக எளிதில் மாறக்கூடும். ஏவலராக இருந்தவரின் பணிவைக் குருவொருவர் எழுதிப் போற்றும் சூழலில் இவ்வையம் புறந்தள்ளத்தக்கதன்று. லாரன்ஸ் தாமே நேர்ந்துகொண்ட துறவின் பகுதியாகவே அப்பணியை ஏற்றார். அத்தேர்வு இல்லாதோர்மேல் அதே நெறியைச் சுமத்துதற்குப் பனுவலில் ஆதாரம் இல்லை. மேலும், பணி வெறுப்புக்குரியதாக இருந்தது என்னும் உண்மையை அவர் மறைக்கவில்லை. வெறுப்பை வெறுப்பென்றே சொல்லும் உரிமை இறைவன் முன்னிலையிலும் காக்கப்படுகிறது.

முடிவுரை

சகோதரர் லாரன்ஸின் பனுவல் அன்றாட வாழ்வை இனிய உணர்வுகளின் தொடராக மாற்றித் தருவதாக வாக்களிக்கவில்லை. வெறுப்பும் நோயும் அச்சமும் மறதியும் அதில் நீக்கப்படாமலே நிற்கின்றன. அவற்றுக்கிடையே படர்க்கையில் இருந்த இறைவன் முன்னிலைக்கு வருவதே பிரசன்னம் என அப்பனுவல் காட்டுகிறது. உணர்தல் என்னும் சொல்லுக்குத் தெளிதல், விழித்தல், ஊடல் தணிதல் ஆகிய பழம்பொருள்களை மீட்டளிக்கும்போது, இறைவனை உணர்தல் என்னும் தமிழ்த்தொடரும் இப்பொருளைத் தாங்கவல்லதாகிறது. உள்ளம் வறண்ட நாளிலும் ‘நீர்’ என்று விளிக்க இயலும் என்பதே அடுக்களைத் துறவியின் சான்று. நெஞ்சுருக்கம் வாய்க்காதோரையும் இறையனுபவத்தின் எல்லைக்குள் கொணர்வதால், இப்பனுவலை உணர்ச்சி இலக்கியமாகக் கொள்வதினும் பயிற்சி இலக்கியமாகக் கொள்வதே பொருத்தமுடையதாகும்.