தேய்மானத்தின் தேதி

பழைய சவரக்கத்திகளைப் புதுப்பிக்கும் வீடியோக்களை விடிய விடியப் பார்த்திருக்கிறேன். துருப்பிடித்த கத்தி உள்ளே போகும், கண்ணாடி மாதிரி வெளியே வரும். அந்த ஆசையில் மரக்காணத்தில் எங்க தாத்தாவின் கத்தியை நானே பாலிஷ் சக்கரத்தில் பிடித்தேன். உப்பளக் காத்துல ஜன்னல் கம்பியே நிற்காத ஊர். அங்கே தேங்காய் எண்ணெய் தடவி, துணியில் சுற்றி அவர் காப்பாற்றிய கத்தி.

இந்தப் புதுப்பிப்புக் கலைமேல் எனக்கு இரண்டு புகார்கள்.

முதலாவது, காலக்கணிப்பு. கழுத்தில் கிரீடத்தோடு 'வி.ஆர்.' இருந்தால் விக்டோரியா காலம், 1837க்குப் பிறகு. சரி. நாட்டின் பெயர் இருந்தால், அமெரிக்காவின் 1890ஆம் வருட மெக்கின்லி சுங்கச் சட்டத்துக்குப் பிறகு என்கிறார்கள். நம்ம ஊர்ச் சந்தைக்கு வந்த கத்திக்கு அமெரிக்கச் சட்டம் எதுக்கு? அந்நியச் சரக்கு பிரிட்டிஷ் சரக்குபோல வேஷம் போடுவதைத் தடுக்க பிரிட்டனில் 1887லேயே சட்டம் வந்துவிட்டது. இந்தியாவில் 1889. சென்னையில் இறங்கிய சோலிங்கன் கத்தி முதலில் பதில் சொல்ல வேண்டியது இதற்குத்தான். ரெண்டு மூணு வருஷம்தானே என்று விட்டுவிடலாம்தான். ஆனால் யாருடைய சந்தையை வைத்து நம் பொருளுக்குத் தேதி போடுகிறோம்?

இரண்டாவது புகார் பெரிசு. கல்லில் தீட்டத் தீட்ட அலகு குறுகும், முதுகும் சேர்ந்து தேயும். சேகரிப்பாளர்களுக்கு அது குறை, விலையைக் குறைக்கும். தாத்தாவின் கத்தி நுனிப்பக்கம் அதிகம் தேய்ந்திருந்தது. அவர் கை அப்படி. வீடு வீடாகப் போய்ச் சிரைத்து, அறுவடைக்கு நெல் வாங்கிய கை. எய்ட்ஸ் பயத்தில் எல்லோரும் அரை பிளேடுக்கு மாறியபோதுதான் அந்தக் கத்தி பரணுக்குப் போனது. கழுத்து எழுத்து கத்தி பிறந்த வருஷத்தைச் சொல்லும், அவ்வளவுதான். அது உழைத்த வருஷங்கள் தேய்மானத்தில்தான் இருக்கின்றன. அதை வாசிக்க எந்த வீடியோவும் சொல்லித்தரவில்லை.

சிறுபாணாற்றுப்படையின் எயிற்பட்டினம் மரக்காணம்தான் என்பார்கள். அதை உள்ளடக்கிய பத்துப்பாட்டை உ.வே.சா. பதிப்பித்ததும் 1889இல்தான். ஏட்டை மினுக்குவது அவர் வேலையாக இருக்கவில்லை. பாடபேதங்களையும் குறித்து வைத்தார். கத்திக்கும் அந்த அடக்கம் போதும். செந்துருவை எண்ணெய் விட்டு மெல்லத் தேய்த்தெடு, கருமையை விட்டுவிடு. செல்லுலாய்டு பிடி சிதையத் தொடங்கியிருந்தால் கழற்றித் தனியே வை. அதிலிருந்து கசியும் அமிலம் உப்புக்காற்றைவிட மோசம்.

இதெல்லாம் பிறகு தெரிந்துகொண்டது. என் சக்கரத்தில் எழுத்தும் போச்சு, தேய்மானமும் போச்சு. சூடேறி முனை நீலம் பாய்ந்து, பதமும் போய்விட்டது. அம்மா கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இது யாருதுடா?"